வடக்குச் சுவரும் கோடு பாயும்

பிப்ரவரி 23, ஞாயிறு. காலை 5.40க்கு எழுந்தேன். பால் வாங்கினேன். துளசிக்குத் தண்ணீர் ஊற்றினேன். ஏழரைக்கு இட்லி, மூன்று. 8.10க்குக் கோடு பாய் வந்தார். அதற்குப் பிறகு அன்றைய டைரியில் ஒழுங்காக எதுவும் இல்லை.

திருத்தணியில் மனிதனுடைய பொறுமையை அளக்க ஒரு கருவி உண்டென்றால், அது கோடு பாய்தான். மலையடிவாரத்தில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கிறார். சொந்தப் பெயர் போர்டில் இருந்தது, மழையில் அழிந்துவிட்டது. யாருக்கும் அது தேவைப்படவில்லை.

இருட்டான இடத்தில் படம் எடுக்க, கேமராவின் உணர்திறனைக் கூட்ட வேண்டும். ரொம்பக் கூட்டினால் சில சமயம் படத்தில் மெல்லிய கிடைக்கோடுகள் விழும். நமக்குத் தெரியாது. பாய்க்குத் தெரியும். ஒரு துக்க வீட்டில் மாலை போட்ட படத்தின் அருகே போய், கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, "கோடு இருக்குதே" என்றார். செத்தவரின் மகன் அவரைக் கைத்தாங்கலாக வெளியே கொண்டுபோய் விட்டான்.

ஃபிளாஷ் போட்டால் என்ன என்று கேட்டால் கோபம் வந்துவிடும். "பொண்ணு மூஞ்சி உரிச்ச முட்ட மாதிரி ஆயிடும் சார்!"

மூன்று வருடம் முன்பு என் மூத்த மகளின் கல்யாணம் மலைமேல், விடியும் முன் முகூர்த்தம். எடுத்தவர் பாய். ஆல்பம் கொடுக்க வந்தவர் துக்கம் சொல்ல வந்தவர்போல் உட்கார்ந்தார்.

"தாலி கட்ற படத்துல கோடு வந்துட்ச்சு அக்கா."

என் மனைவி சரளா பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாள். "எங்க பாய்?"

"நெத்திக்கு மேல பாருங்க."

"அது முடி."

"முடிக்குப் பின்னால அக்கா."

அந்தப் படத்தைப் பெரிதாக்கித் தர மாட்டேன் என்று சொல்லிவிட்டார். கெஞ்சினோம், திட்டினோம். தரவில்லை. சரளா அதை இன்றுவரை மன்னிக்கவில்லை.

அதிலிருந்து அவர் கைக்கு எந்த லென்ஸ் வந்தாலும் சோதனை எங்கள் வீட்டு ஹாலில்தான். வடக்குச் சுவருக்கு நானே சாம்பல் நிறம் பூசியிருந்தேன், மூன்று முறை, ஒரு திட்டு இல்லாமல். நில அளவை அலுவலகத்தில் வரைவாளன் நான். திட்டு இருந்தால் எனக்குத் தூக்கம் வராது. "ஊர்லயே இந்த மாதிரி சுவரு கெடியாது சார்" என்று மாதம் ஒருமுறையாவது வந்துவிடுவார். சுவரைப் புகழ்ந்தபோது மகிழ்ந்தது என் தவறு.

இப்போது இளையவள் கல்யாணம். வியாழக்கிழமை, அதே மலை, அதே இருட்டு. சரளா சொல்லிவிட்டாள்: "இந்தத் தபா மெட்ராஸ்லேர்ந்து ஆளு வரட்டும். கோடு கீடுன்னு பாய் வந்தாரு, நான் மனுஷியா இருக்க மாட்டேன்."

வெள்ளிக்கிழமை ஸ்டுடியோவுக்குப் போய் பாயிடம் சொன்னேன். சற்று நேரம் லென்ஸ் மூடியைத் திருகிக்கொண்டே இருந்தார்.

"ஞாயித்துக்கெழம வரைக்கும் டைம் குடுங்க சார். புது லென்ஸ் வந்துகினு இருக்குது. கோடு இல்லாம காட்றேன். வந்துட்ச்சுன்னா, மெட்ராஸ்காரங்களுக்கு மண்டபத்த நானே காட்டி வுட்டுட்றேன்."

திங்கட்கிழமை பெயிண்டர் வருகிறார். ஹால் முழுவதும் கிரீம் கலர், சரளாவின் தேர்வு. ஆக, பாய்க்கும் அந்தச் சுவருக்கும் ஞாயிறுதான் கடைசி நாள்.

ஞாயிறன்று வந்ததும் பாய் ஜன்னல்களைச் சாத்தினார். ஃபேனை நிறுத்தினார். அடுத்து ஃபிரிட்ஜ். பக்கத்தில் மோட்டார் ஓடினாலும் கோடு விழுமாம்.

"மாவு பொங்கிடும் பாய்!"

"பத்தே நிமிஷம் அக்கா."

"பத்து நிமிஷமா? போன மாசம் பொங்குன மாவுல தெருவுக்கே தோச சுட்டேன்!"

முதல் சில படங்களை லென்ஸின் மூடியைக் கழற்றாமலே எடுத்தார். சரளா வாசற்படியில் நின்று பார்த்தாள். "மூடியப் போட்டுகினே படமா?"

"ஆங். இருட்டத்தான் எடுக்கிறேன்."

"இன்னாங்க, இந்தாளு கைலயா நம்ம பொண்ணு கல்யாணத்தக் குடுக்கப் போறீங்க?"

என் கையில் நோட்டு இருந்தது. ஒவ்வொரு படத்துக்கும் நேரம், உணர்திறன், லென்ஸின் எந்தப் பொத்தான் எந்தப் பக்கம் என்று எழுதுவது என் பொறுப்பு. யாரும் கொடுத்த பொறுப்பல்ல. கண்ணில் படுவதை எழுதாமல் என்னால் இருக்க முடியாது.

பத்து நிமிஷம் பதினொன்றரை மணிவரை நீண்டது. நாற்பத்தோரு படங்கள். பாய் லேப்டாப் திரைக்கு மூக்கைக் கொடுத்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். "இருக்குது... இருக்குது... இல்ல... இருக்குது." நான் குறித்தேன். கடைசிப் படம் முடிந்ததும் லென்ஸைத் துணியில் சுற்றிப் பையில் வைத்தார்.

"மெட்ராஸ்காரங்க எத்தினி மணிக்கு வராங்க சார்?"

மூன்று வருடமாக எதற்கும் விவாதித்த மனிதர் அன்று விவாதிக்கவில்லை. அதுவும் எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. நோட்டைப் பார்த்தேன். கோடு இல்லாத படங்கள் ஆறு. ஆறிலும் லென்ஸின் பக்கவாட்டுப் பொத்தான் கீழே. மற்ற முப்பத்தைந்திலும் மேலே.

"இது எதுக்கு பாய்?"

"அதுவா? கை ஆடினா, படம் ஆடாம புடிச்சிக்கும். உள்ள சின்ன மோட்டாரு."

"ஆறு படத்துல ஏன் கீழ தள்ளினீங்க?"

"நான் எங்க தள்ளினேன்? தொடைக்கச் சொல்ல துணி பட்டிருக்கும்."

"மூத்தவ கல்யாணத்துல?"

"எந்த லென்ஸா இருந்தாலும் எப்பவுமே மேலதான் சார்." வலது கையை நீட்டிக் காட்டினார். விரல்கள் லேசாக நடுங்கின. "நாலு வருஷமா இப்டித்தான். பொண்ணு படம் ஆடிடக் கூடாதுன்னு அத்த ஆஃப் பண்றதே இல்ல."

படம் கெடக்கூடாது என்று போட்டு வைத்த மோட்டார்தான் படத்தைக் கெடுத்திருக்கிறது. பொத்தானைக் கீழே தள்ளி, கேமராவை ஸ்டாண்டில் பூட்டி, ஃபிரிட்ஜ் ஓட, ஃபேன் சுற்ற, மூடியைக் கழற்றிவிட்டுப் பத்துப் படங்கள் எடுத்தோம். ஒரு கோடு இல்லை.

பாய் லேப்டாப்பைச் சரளா பக்கம் திருப்பினார். அவள் குனிந்து பார்த்தாள்.

"சுவருதானே இருக்குது?"

"கோடு இல்லாத சுவரு அக்கா."

சரளா சுவரைப் பார்க்கவில்லை. பாயின் மடியில் இன்னும் நடுங்கிக்கொண்டிருந்த அந்தக் கையைப் பார்த்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"வியாழக்கெழம காலைல நாலு மணிக்கு மண்டபத்துல இருக்கணும். ஸ்டாண்டு மறந்தீங்க, அவ்ளோதான். மெட்ராஸுக்கு இவரு போன் பண்ணி வேணாம்னு சொல்லிடுவாரு. மூத்தவ படத்தயும் பெருசு பண்ணிக் குடுங்க. கோட்டோடயே குடுங்க."

பாய் தலையாட்டினார். கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"சார், ஃபிரிட்ஜ ஆஃப் பண்ணிட்டு இன்னொரு தபா பாத்துடலாமா?"

அவரை வாசல்வரை கொண்டுபோய் விட நான் கைத்தாங்கலாகப் பிடிக்க வேண்டியிருந்தது.

பிப்ரவரி 24, திங்கள். காலை 5.40க்கு எழுந்தேன். முதல் வேலையாகப் பெயிண்டருக்கு ஃபோன் செய்து, மூன்று சுவருக்கு மட்டும் பெயிண்ட் கொண்டுவந்தால் போதும் என்று சொன்னேன்.