சிங்கக்கால் தொட்டி

பேசாமல் இருப்பவனை அறிவாளி என்று நினைப்பது எங்கள் ஊர்ப் பழக்கம். எனக்குப் பேச்சு வராது. அவ்வளவுதான் விஷயம். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். தூத்துக்குடி பழைய துறைமுகத்தில் தோணிகளுக்கு மூட்டை ஏற்றும் வேலை. மூட்டையோடு என்ன பேச்சு?

இந்தப் பேசாத வாயால் நான் ஒரு காலத்தில் பழம்பொருள் நிபுணன் ஆனேன். எழுபதுகளின் நடுவில். எனக்குக் கல்யாணமாகி இரண்டு வருடம் இருக்கும்.

அது மழையால் வந்தது. எங்கள் ஊரில் மழை எப்போதாவதுதான் பெய்யும். பெய்த அன்று ஒரு பழைய இரும்புக்கடையில் ஒதுங்கினேன். எதிரே கப்பல்களில் கழித்துப் போட்ட சாமான்கள் குவிந்து கிடந்தன. கண்ணை எங்காவது வைக்க வேண்டுமே. மேலே கிடந்த ஒரு பித்தளை விளக்கின் மேல் வைத்தேன். கடைக்காரர் வந்தார்.

“பத்து ரூவா.”

நான் மழை நிற்குமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

“சரி, எட்டு.”

இடி இடித்தது.

“என்ன அண்ணாச்சி, இப்பிடி முறைக்கீய? அஞ்சு. அதுக்குக் கீழ கட்டாது.”

எனக்குச் சங்கடமாகப் போயிற்று. விளக்கு வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறக்கப் போனேன். அதற்குள் அவரே, “மூணு ரூவா! கடைய விட்டு எறங்கினாப் போதும்” என்றார். கொடுத்துவிட்டு நனைந்துகொண்டே நடந்தேன். (மழை நிற்கவில்லை.) வழியில் ஒரு வெள்ளைக்காரக் கப்பல் என்ஜினியர் விளக்கைப் பார்த்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். நூறு ரூபாய்த் தாளை என் கையில் வைத்து அழுத்திவிட்டு அதை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் துறைமுகம் முழுக்க இதே பேச்சு. பரப்பியவன் சூசை, என் மனைவி ரோசம்மாளின் தம்பி. எனக்கும் சேர்த்து அவன் பேசுவான். “எங்க அத்தான் ஒரு சாமானப் பாத்தாருன்னா, அதுல என்னமோ இருக்குன்னு அர்த்தம்” என்று டீக்கடை டீக்கடையாகச் சொல்லி வைத்தான். அதன்பிறகு நான் நின்ற இடத்திலெல்லாம் விலை ஏறியது. ஒருமுறை மூக்குச் சிந்த ஒதுங்கினேன். பக்கத்தில் கிடந்த மூன்று கால் நாற்காலி இருபது ரூபாய்க்குப் போனது.

இப்படி இருக்கையில், பஞ்சுக் கம்பெனித் துரை ஒருவர் ஊரை விட்டுக் கப்பலேறினார். அவர் பங்களா சாமான்கள் ஏலத்துக்கு வந்தன. அதில் ஒரு தையல் மெஷின் இருப்பதாக சூசை துப்புக் கொண்டுவந்தான்.

ரோசம்மாளுக்கு அப்போது கைத்தையல்தான். ஈஸ்டர் கழிந்து கோயிலில் புதுநன்மை, அதாவது முதல் நற்கருணை, வாங்கும் பெண்பிள்ளைகளுக்கு வெள்ளைக் கவுன் தைத்துத் தருவதாக வாக்குக் கொடுத்திருந்தாள். பதினெட்டு கவுன். ஐந்து வாரம். கையால் தைத்தால் எட்டுதான் முடியும். மீதிப் பத்துப் பிள்ளைகளின் தாய்மாரும் தெருவிலேயே இருக்கிறார்கள். ஒளிய இடம் கிடையாது. சீட்டு எடுத்த நூற்றைம்பது ரூபாயை என்னிடம் கொடுத்தாள்.

“மெஷினோட வாங்க. இல்லன்னா அங்கனயே இருந்துக்கிடுங்க.”

ஏலத்துக்குக் காரைக்குடியிலிருந்து பழம்பொருள் வியாபாரிகள் வந்திருந்தார்கள். காதில் வைரக் கடுக்கன் போட்ட ஒரு பெரியவர் அவர்களுக்குத் தலை. நான் உள்ளே நுழைந்ததும் அவர் பக்கத்து ஆளின் காதில் ஏதோ சொன்னார். எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள்.

நான் நேரே தையல் மெஷின் முன்னால் போய் நின்றேன். என் பின்னால் மூன்று பேர் வந்து நின்றார்கள். ஒருவர் குனிந்து அதன் சக்கரத்தை மோந்தே பார்த்தார். சூசை என் முழங்கையைப் பிடித்து இழுத்தான்.

“அத்தான், அதவிட்டு நகரும்! நீரு பாத்தா வெல ஏறும்.”

“பின்ன?”

“ஒண்ணுக்கும் ஆகாத சாமானா ஒண்ணப் பாரும். விடாமப் பாரும். இவனுவ எல்லாம் அங்கன வந்துருவானுவ. மெஷின நான் அமுக்கிருதேன்.”

நல்ல யோசனையாகப் பட்டது. (என் வாழ்க்கையின் கெட்ட யோசனைகள் எல்லாமே முதலில் அப்படித்தான் பட்டன.) மூலையில் துரை குளித்த தொட்டி கிடந்தது. ஆள் நீளம். உள்ளே வெள்ளைப் பூச்சு. அடியில் நான்கு சிங்கக்கால்கள், அழுக்கேறிக் கறுத்துப்போய். இடுப்பில் கையை வைத்துக்கொண்டு ஒரு காலையே பார்த்தேன். கால் மணி நேரம் பார்த்தேன். கடுக்கன் பெரியவர் வந்து, குத்தவைத்து, அதே காலைப் பார்த்தார். பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். காய்ச்சல்காரனுக்கு நாடி பார்ப்பதுபோல ஆறு பேர் ஒரு இரும்புக் காலைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள்.

கூட்டம் அங்கே இருந்ததால் ஏலக்காரரும் அங்கிருந்தே ஆரம்பித்தார்.

“குளிக்கிற தொட்டி! யாரு கேக்கா?”

“இருபது!” என்று சூசை கத்தினான். ஆசை காட்டுகிறானாம். பெரியவர் முப்பது என்றார். இவன் நாற்பது. அவர் அறுபது. போதும்லே என்று சொல்ல நினைத்தேன். நினைத்ததோடு சரி. சூசைக்கு ஏலத்தின் ருசி பிடித்துவிட்டது. மெஷினை மறந்தான், அக்காளை மறந்தான். “நூறு!” என்றான். பெரியவர் நூற்றிருபது. “நூத்தம்பது!” என்றான் இவன்.

பெரியவர் திரும்பி என் முகத்தைப் பார்த்தார்.

உள்ளே எனக்கு உயிர் போய்க்கொண்டிருந்தது. ஆனால் என் முகத்தில் எதுவும் தெரியாது. பிறவியே அப்படி. தார் பூசிய தோணியின் அடிப்பலகை மாதிரி இருக்கும். அவர் அதைக் கொஞ்ச நேரம் படித்துப் பார்த்துவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டார்.

“இந்த மனுஷன் எதுவரைக்கும் போவாருன்னே தெரியல. நமக்கு வேண்டாம்ப்பா.”

ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம். தொட்டி எனக்கு.

அடுத்தது தையல் மெஷின். அதன் பக்கத்தில் ஒருவரும் இல்லை. எல்லோரும் என்னையே வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் தெரு டெய்லர் அந்தோணி மட்டும் தனியாக நின்று கேட்டு, எழுபது ரூபாய்க்கு அதைத் தூக்கிக்கொண்டு போனான். சூசையின் திட்டம் அச்சுப் பிசகாமல் பலித்தது, அந்தோணிக்கு.

தொட்டியைக் கைவண்டியில் ஏற்றி நான்கு பேர் தள்ளிக்கொண்டு வந்தோம். வாசலில் ரோசம்மாள்.

“மெஷின் எங்க?”

நான் தொட்டியைக் காட்டினேன்.

“இது என்னது?”

“தொட்டி.”

“தொட்டின்னு தெரியுது. இதுல எங்கன உக்காந்து நான் தைக்க?”

“யக்கா, இது துரை குளிச்ச தொட்டி...” என்று சூசை ஆரம்பித்தான்.

“ஏலே, நீ பேசாத. துரை குளிச்ச தொட்டியில கவுனு மொளைக்குமோ?”

அன்று சாயங்காலம் யாரும் பார்க்காத நேரத்தில் ஒரு சிங்கக்காலைக் கத்தியால் சுரண்டிப் பார்த்தேன். (ஊர் சொல்லிச் சொல்லி எனக்கே என்மேல் கொஞ்சம் நம்பிக்கை வந்திருந்தது.) துரு.

மறுநாள் காலையில் கடுக்கன் பெரியவர் காரில் வந்து இறங்கினார். ரோசம்மாள் காப்பி கொடுத்தாள்.

“தூக்கமே வரலீங்க” என்றார். “அந்தக் கால்ல நீங்க என்ன கண்டீங்கன்னு தெரியல. நீங்க சொல்லவும் வேண்டாம். முந்நூறு ரூபா தர்றேன்.”

அடுப்படிக் கதவிடுக்கில் ரோசம்மாள் என்னைப் பார்த்துக் கும்பிட்டாள். சூசை என் காலை மிதித்தான். நான் செய்ய வேண்டியதெல்லாம், பிறந்ததிலிருந்து செய்துவந்ததுதான். சும்மா இருக்க வேண்டும்.

என்ன பிடித்ததோ, வாயைத் திறந்தேன்.

“அது வெறும் இரும்புங்க. சுரண்டிப் பாத்தேன், துரு. நான் ஒண்ணும் காணல. மெஷின் வாங்கத்தான் வந்தேன். நீங்கள்லாம் பின்னாலயே வந்ததுனால சும்மா அதப் பாத்துக்கிட்டு நின்னேன். அடியில ஓட்ட வேற இருக்கு.”

நான் பேசியதிலேயே நீளமான பேச்சு அதுதான். கல்யாணத்தன்று கோயிலில்கூட ‘சம்மதம்’ என்ற ஒரு வார்த்தையோடு முடித்தவன். பெரியவர் எழுந்து என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார். “இந்தக் காலத்துல இப்படி ஒரு மனுஷனா” என்று கண் கலங்கினார். காப்பியை முழுக்கக் குடித்தார். காரில் ஏறிப் போய்விட்டார். முந்நூறும் அவரோடு போனது.

ரோசம்மாள் வெளியே வந்தாள். கொஞ்ச நேரம் அவளும் பேசவில்லை. (அப்போதுதான் தெரிந்தது, பேசாத ஆளோடு இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று.) பிறகு சொன்னாள்:

“இந்த மனுசன் நாலு வார்த்த பேசணும்னு ரெண்டு வருசமா மாதாகிட்ட மெழுகுதிரி கொளுத்துதேன். இன்னைக்குத்தானா பலிக்கணும்?”

ஆனால் அவள் தலையில் கைவைத்து உட்காரும் ஆள் இல்லை. தோணியில் ஓட்டை அடைப்பதுபோல் கயிற்றுப் பஞ்சும் தாரும் வைத்துத் தொட்டியை அடைக்கச் சொன்னாள். அடைத்தேன். குழாயில் இரண்டு நாளைக்கு ஒருமுறை தண்ணீர் வந்த காலம். அதுவும் நூல் மாதிரி. விடிவதற்குள் பிடித்துப் பிடித்துத் தொட்டியை நிரப்பினாள். நான்காம் நாள் அந்தோணி காலிக் குடத்தோடு வந்தான். ரோசம்மாள் வாசலை மறித்தாள்.

“நாலு குடம் எடுத்துக்கிடும். மத்தியானம் நீரு உறங்குத நேரம் மெஷின் எனக்கு.”

“ஊசி ஒடிஞ்சு போயிருமே தாயி.”

“அப்பம் தண்ணி வத்திரும்.”

பதினெட்டு கவுனும் முடிந்தன. ஒன்றில் மட்டும் தார்க் கறை. (என் கைதான்.) கறையின் மேல் ஒரு பூ வைத்துத் தைத்துவிட்டாள். அடுத்த வருடம் எல்லாத் தாய்மாரும் பூ வைத்த கவுன்தான் வேண்டும் என்றார்கள். மூன்றாம் வருடம் சொந்த மெஷின் வாங்கினாள். வாங்கப் போகும்போது என்னைக் கூட்டிப்போகவில்லை.

இன்றைக்கும் எங்கள் வீட்டில் எதையாவது விலைக்குக் கேட்டு ஆள் வந்தால், முதலில் என் வாயில் எதையாவது வைத்துவிடுவார்கள். ஆரம்பத்தில் மக்ரூன் கொடுத்துப் பார்த்தார்கள். அது வைத்த உடனே கரைந்துவிடுகிறது. போன மாதம் பேரனின் பழைய ஸ்கூட்டரைப் பார்க்க ஒருவர் வந்தார். அது எவ்வளவு பெட்ரோல் குடிக்கும் என்று எனக்குத் தெரியும். ரோசம்மாள் இரண்டு கடலை மிட்டாயை நீட்டினாள். வாயில் போடும்வரை பக்கத்திலேயே நின்றாள்.

“மெதுவா மெல்லுங்க” என்றாள். “அவரு போகட்டும்.”