தைலம் ஏறியவர்

எண்ணெய்ச் சிகிச்சைக்குப் போய்வந்தவர் என்று ஓர் இனம் உண்டு. போகும்போது நம்மைப் போலத்தான் போவார். ஏழு நாள் மரப்பலகையில் குப்புறப் படுத்து, முதுகில் வெதுவெதுப்பான மூலிகைத் தைலத்தை ஊற்றவிட்டு, எட்டாம் நாள் எழுந்து வரும்போது முக்கால் வைத்தியராகிவிடுவார். யார் கேட்டார்கள்?

கணக்கு வாத்தியார் அப்படி வந்தவர். இடுப்பு வலி போனது உண்மைதான். ஆனால் போன வலியைவிட வந்த ஞானம் பெரிது. காய்கறிக் கடையில் தராசைப் பார்க்காமல் கடைக்காரரின் முட்டியைப் பார்ப்பார். தலைமையாசிரியர் திட்டும்போது அவர் தாடையையே கவனித்து, “வாதம் சார், மூக்குல ரெண்டு சொட்டு விட்டா கோபம் இறங்கிடும்” என்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தங்கை வீட்டுக்குப் போனார். அவள் கணவர், பேருந்து ஓட்டுநர், நாற்காலியில் சாய்ந்து வியர்த்துக்கொண்டிருந்தார்.

“இடது கை குடையுது மச்சான். நெஞ்சும் ஒரு மாதிரி இருக்கு.”

“வாயு பிடிச்சிருக்கு மாப்ளே. சட்டையைக் கழட்டுங்க.”

“அண்ணே, ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம்” என்றாள் தங்கை.

“போகலாம், போகலாம். எண்ணெய் சூடாயிடுச்சு.”

அவள் ஆம்புலன்ஸுக்குப் போன் செய்துவிட்டுத் திரும்புவதற்குள் மாப்பிள்ளை பளபளத்தார். தூக்க வந்தவர்களின் கையிலிருந்து இருமுறை வழுக்கினார்.

ஆஸ்பத்திரியில் இசிஜி எடுக்க நர்ஸ் நெஞ்சில் ஒட்டிய வில்லைகள் ஒவ்வொன்றாக நழுவின. மறுபடி ஒட்டினாள். மறுபடி நழுவின.

“யாருங்க இவரை எண்ணெயில முக்கி எடுத்தது?”

தங்கை அண்ணனைப் பார்த்தாள். வாத்தியார் தன் சட்டையைக் கழற்றி மாப்பிள்ளையின் நெஞ்சைத் துடைதுடையென்று துடைத்தார். “ஒண்ணும் ஆகாது மாப்ளே” என்றார்.

மாரடைப்பேதான். அடைப்பை நீக்கிவிட்டு வெளியே வந்த டாக்டர், “பிழைச்சிட்டார். இன்னும் பத்து நிமிஷம் போயிருந்தா...” என்று நிறுத்திக்கொண்டார்.

பனியனோடு நின்ற வாத்தியார் தங்கையின் கையைப் பிடித்து, இனி தைலம் என்ற சொல்லே வாயில் வராது என்று சத்தியம் செய்தார். கண் கலங்கித்தான் செய்தார்.

களைப்பில் டாக்டர் கழுத்தை இப்படியும் அப்படியும் நெட்டி முறித்தார்.

வாத்தியார் உதட்டைக் கடித்தார். கூரையைப் பார்த்தார். தொண்டையைச் செருமினார்.

“டாக்டர், தினமும் இப்படித்தான் இருக்கா?”

“ஆமா, ஆறு மாசமா. ஏன்?”

சிரிக்கிறீர்களா? தாராளமாக. ஆனால் அந்த டாக்டர் தலையணையை மாற்றினால் போதும், இல்லை வெந்நீர் ஒத்தடம் கொடுக்கலாம் என்று இந்நேரம் உங்களுக்கும் ஏதோ தோன்றியிருக்குமே? யாரிடமும் சொல்லிவிடாதீர்கள். இப்படித்தான் ஆரம்பிக்கும்.