ஆயுத பூஜையில் ஒலித்த இன்டர்வியூ

குறைகுடம் கூத்தாடும் என்பார்கள். என்னுடையது லினக்ஸ் குடம். மவுஸைத் தொடாமல், கறுப்புத் திரையில் கட்டளை அடித்தே கம்ப்யூட்டரை ஆட்டிவைப்பவன்தான் கெட்டிக்காரன் என்று நம்பியிருந்தேன். அப்போது ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் டிரெய்னி. (டிரெய்னி என்றால், எல்லாம் தெரிந்தவன் என்று தன்னை நினைப்பவன்.)

ஆயுத பூஜை அன்று மெஷின்களுக்கெல்லாம் சந்தனப் பொட்டு. என் மானிட்டருக்கும் ஒன்று. பாட்டுப் போடுவது என் பொறுப்பு. கம்ப்யூட்டரில் இரண்டு சவுண்ட் கார்டுகள்: ஒன்றில் என் ஹெட்போன், மற்றதில் மெஷின்கள் ஓடும் ஷாப் ஃப்ளோரில் தொங்கும் குழாய் ஸ்பீக்கர்கள். கட்டளையில் ஓர் எண்ணை மாற்றினால் சத்தம் இங்கிருந்து அங்கே போய்விடும்.

ஐயர் வரும்வரை ஹெட்போனில் வேறொன்றைக் கேட்டுக்கொண்டிருந்தேன். இன்னொரு கம்பெனி இன்டர்வியூவுக்காக, நானே கேள்வி கேட்டு நானே பதில் சொல்லிப் பதிவு செய்தது. என்னை பெர்மனென்ட் ஆக்கலாமா என்று சூப்பர்வைசர் பாண்டியன் சார் அந்த வாரம்தான் சொல்ல வேண்டும்.

ஐயர் வந்ததும், என் அறைக் கண்ணாடிக்கு வெளியே பாண்டியன் சார், பாட்டைப் போடு என்று கையைத் தூக்கினார். மேல் அம்புக்குறியைத் தட்டிப் பழைய கட்டளையை வரவழைத்தேன். கார்டு எண்ணை மாற்றி என்டர் அடித்தேன். அதிலிருந்த பதிவின் பெயரை எடுத்துவிட்டுப் பாட்டின் பெயரைப் போட வேண்டும் என்று தோன்றவில்லை.

ஹெட்போனைக் கழற்றவுமில்லை. (போட்டிருந்தால் பெரிய ஆள் மாதிரி இருக்கும்.) காதில் சத்தமே இல்லை. சரி, பாட்டு வெளியே போகிறது என்று திருப்தியாக இருந்தேன். எல்லோரும் ஸ்பீக்கரை நிமிர்ந்து பார்த்தார்கள். பாண்டியன் சார் கையை வேகமாக ஆட்டினார். வால்யூமைக் கூட்டினேன். அது ஓடி முடிந்ததும் மறுபடியும் ஆட்டினார். பாட்டு பிடித்துவிட்டது போலிருக்கிறது என்று இன்னொரு முறை போட்டேன்.

லைனில் வேலை செய்யும், பக்கத்து ஊரான மண்ணூரைச் சேர்ந்த செல்வி கதவைத் திறந்து என் ஹெட்போனைப் பிடுங்கினாள்.

"இன்னாபா, சாருக்கு வேலையே தெரியாதுன்னு ஊருக்கே சொல்லிக்கினு கீற?"

வெளியே என் குரல் முழங்கிக்கொண்டிருந்தது: "மை சூப்பர்வைசர் நோ நாலெட்ஜ் சார். ஐ ஒன்லி டூயிங் ஹிஸ் வொர்க்."

ஐயர் மட்டும் மணியை நிறுத்தவில்லை. அவர் அடுத்த கம்பெனிக்குப் போக வேண்டும்.

பாண்டியன் சார் மதுரைக்காரர். பொரியையும் சுண்டலையும் எல்லோருக்கும் கொடுத்து முடித்தார். பிறகு அருகில் வந்தார்.

"வேலை தெரியாதுன்னு சொன்னதக்கூடப் பொறுத்துக்கிருவேன் தம்பி. ஒன்ஸ்மோர் எதுக்குப் போட்ட?"

பெர்மனென்ட் ஆகவில்லை. அந்த இன்னொரு கம்பெனியும் என்னை எடுக்கவில்லை. காரணம், என் ஆங்கிலம். செல்விதான் துணிந்து என்னைக் கல்யாணம் செய்துகொண்டாள். இன்றும் ஆயுத பூஜைக்குக் கற்பூரம் ஏற்றும் முன், லேப்டாப் பக்கம் திரும்பிக் கேட்பாள்:

"பாட்டு போடட்டா, இல்ல நீயே பேசறியா?"