வடிகட்டின கணவர்

இரவுச் சாப்பாட்டுப் பாத்திரங்களை இனித் தேய்ப்பதில்லை என்று என் வீட்டுக்காரர் முடிவெடுத்தார். சோம்பேறித்தனம் என்று ஒப்புக்கொண்டிருந்தால் மன்னித்திருப்பேன். விஞ்ஞானத்தைத் துணைக்கு அழைத்து வந்தார்.

"நம்ம குழாய்த் தண்ணியில பொம்பளைங்க ஹார்மோன் கலந்திருக்கு. மாத்திரை சாப்பிடுறவங்க உடம்புல இருந்து சாக்கடைக்குப் போயி, ஆத்துக்குப் போயி, நம்ம டம்ளருக்கு வந்துடுது."

"வந்து?"

"அதைக் குடிச்சுக் குடிச்சுத்தான் நான் பாத்திரம் தேய்க்கிற ஆளாயிட்டேன்."

"மாடியில இருக்கிற உங்க தம்பியும் அதே தண்ணியத்தான் குடிக்கிறாரு. சாப்பிட்ட தட்டைக்கூட நகர்த்துறதில்லையே."

"அவனுக்கு எதிர்ப்பு சக்தி அதிகம்."

இவர் கணக்குப் பிரிவில் தலைமை எழுத்தர். உயிரியல் முழுக்கக் கைப்பேசியில் படித்தது.

மறுநாளே சமையலறைச் சுவரில் ஒரு சவ்வு வடிகட்டி ஏறியது. மாட்ட வந்தவரிடம், "ஹார்மோன் நிக்குமா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார்.

"நிக்கும் சார். சவ்வுல அவ்வளவு பொடி ஓட்டை. தண்ணி நுழையும், அது பெரும்பாலும் நுழையாது." சொல்லிக்கொண்டே, கழிவுத் தண்ணீர் வெளியேறும் இன்னொரு குழாயை ஒரு வாளிக்குள் விட்டுவிட்டுப் போனார்.

முதல் டம்ளரைக் குடித்ததும் இவர் மீசையைத் தடவிப் பார்த்தார். நேற்று இருந்த மீசைதான்.

"இனிமே சிங்க் பக்கமே வரமாட்டேன்."

"சரிங்க. சவ்வு நிறுத்துன ஹார்மோன் எங்க போகும்?"

"அந்த வாளிக்குத்தான். கொட்டிடாத, வீணாகும். வீடு துடை, பாத்ரூம் கழுவு."

நான் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன். "நானா? சும்மாவே எனக்கு அந்த ஹார்மோன் ஏகத்துக்கு இருக்குங்க. என்னைத் தாங்க முடியலைன்னு தம்பிகிட்டப் புலம்புறீங்க. வாளி வாளியா இன்னும் சேர்ந்தா நான் என்ன ஆவேன்? சுத்தமான ஆம்பளை யாராவதுதான் அதைத் தொடணும்."

மறுத்தால் தன் விஞ்ஞானத்தையே மறுக்க வேண்டும். வாளியைத் தூக்கினார்.

ஆண்மைக்காக அவர் டம்ளர் டம்ளராகக் குடித்தார். குடிக்கக் குடிக்க வாளி நிறைந்தது. நிறைய நிறையத் துடைத்தார். கூடம், படுக்கையறை, மாடிப்படி, பாத்ரூம். என் ஆயுளில் நான் பார்க்காத மூலையையெல்லாம் அவர் பார்த்துவிட்டார். தம்பி படியிறங்கும்போது ஈரம் காயட்டும் என்று காத்திருந்து இறங்கினார்.

வாரக் கடைசியில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றார்.

"பாத்திரத்தையே தேய்ச்சிடறேன். அந்த வடிகட்டியைக் கழட்டிடலாமா?"

"பாத்திரம் தாராளமா தேய்ங்க. கழட்ட மட்டும் வேணாம். நீங்க ஆம்பளையானதுல இருந்து வீடு பளபளன்னு இருக்கு."