பதிவேட்டில் என் மூச்சு சுத்தம்

மதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு, பல் செட் செய்து பிழைக்கும் உங்கள் தங்கை கணவன் வணக்கத்துடன் எழுதுவது. நான் நலம், அதாவது சாப்பிடுகிறேன், தூங்குவதில்லை. உங்கள் வீட்டில் அனைவரும் தூங்கி எழுந்து நலமாக இருக்க வேண்டுகிறேன்.

குடித்துவிட்டு வண்டி ஓட்டி மூன்றாம் முறை மாட்டினால் ஆயுளுக்கும் உரிமம் கிடையாது, கூடவே சிறை என்று சட்டத்தைத் திருத்தப் போகும் குழுவில் நீங்கள் இருப்பதாகவும், பொதுமக்களிடம் கருத்துக் கேட்பதாகவும் பேப்பரில் படித்தேன். இரண்டு முறை மாட்டியவன் என்ற தகுதி எனக்கு இருப்பதால் சொல்கிறேன், இருக்கிற சட்டமே தாராளமாகப் போதும். இரண்டாம் முறை பிடித்தபோது என் காரில் மூச்சுக் கருவி ஒன்றைப் பொருத்தினார்கள். அதில் ஊதி, வாடை இல்லையென்று அது ஒப்புக்கொண்டால்தான் என்ஜின் கிளம்பும். அன்றிலிருந்து பதிவேட்டில் ஒரு கெட்ட மூச்சு கிடையாது. உங்களிடம் மறைப்பானேன், முதல் மாதம் மட்டும் உங்கள் தங்கைதான் ஊதிக் கொடுத்தாள். தினமும் பாத்திரம் கழுவிய ஈரக் கையோடு தெருவுக்கு வந்து, குனிந்து ஊதிவிட்டுப் போவதை எதிர்வீட்டார் வேடிக்கை பார்க்க, அவளுக்கு மானம் போயிற்று. ஆகவே ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு டஜன் பலூனில் மொத்தமாக ஊதி, என் பட்டறையின் நீல நூலால் முடிச்சுப் போட்டுக் கொடுத்துவிடுவாள். நான் வாரம் முழுக்க ஒவ்வொன்றாகக் கருவியில் பிதுக்கிக்கொள்வேன். "நான் உங்களுக்குப் பொண்டாட்டியா, காத்தடிக்கிற பம்பா?" என்று கேட்பாள். அப்புறம் நான் திருந்திவிட்டேன். நாலு பலூன் மிச்சம்.

பாலத்துச் சுவரில் கார் மோதி அவள் போன அந்த மாலையைப் பற்றி நீங்கள் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. போலீஸ் எழுதியபடி ஓட்டியது அவள்தான், ஓட்டுநர் இருக்கையில் இருந்ததும் அவள்தான், கருவியில் பதிவான மூச்சும் சுத்தம். கவனமில்லாமல் ஓட்டிச் செத்தாள் என்று உங்கள் அம்மா இன்னும் அவளைத் திட்டித் திட்டி அழுவதாகக் கேள்விப்பட்டேன். பெரியவர்களிடம் நான் என்ன பேச முடியும்?

நான் எழுத வந்தது வேறு தொல்லை. அந்த நாலு பலூனும் சுருங்கவில்லை, மச்சான். மாதம் ஐந்தாகிறது, ஊதிய அன்று இருந்தபடியே இருக்கின்றன. நான் எந்த அறையில் இருக்கிறேனோ அங்கே வந்துவிடுகின்றன. ஜன்னலைச் சாத்தினேன், விசிறியை நிறுத்தினேன், அலமாரியில் வைத்துப் பூட்டினேன். காலையில் பல் செட்டுக்கு மெழுகு வைத்துக்கொண்டிருக்கும்போது ஒன்று முழங்கை மேல் வந்து சாய்ந்தது, தொட்டால் வெதுவெதுப்பாக இருக்கிறது. இது போதாதென்று, நொறுங்கிய காரிலிருந்து கழற்றிய மூச்சுக் கருவியை, 'உங்கள் பொருள்' என்று எழுதி, போலீசார் எனக்குப் பார்சலில் அனுப்பிவிட்டார்கள். அது மேஜை மேல் கிடந்து தினமும் 'ஊதவும்' என்று எழுத்துக் காட்டிக் கத்துகிறது. ஊதினேன். 'மூச்சு இல்லை' என்றது. முப்பது தடவை ஊதினேன், மச்சான், தலை சுற்றி உட்காரும் வரை ஊதினேன், முப்பது தடவையும் 'மூச்சு இல்லை'. இதைப் பொருத்திய மெக்கானிக்கையே கூப்பிட்டேன். அவர் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுல கரண்டுக்கே வழி இல்லையே சார்" என்று சொல்லி, தேநீர்கூடக் குடிக்காமல் போய்விட்டார். நேற்று பட்டறையிலிருந்து வந்து பார்த்தால் ஒரு பலூனின் முடிச்சு அவிழ்ந்து, அது கருவியின் வாயருகே சுருண்டு கிடக்கிறது. எழுத்து மாறியிருந்தது: 'சரி. வண்டியை எடுக்கலாம்.' ஆகவே இத்தகைய கருவிகளின் தரம் குறித்தும் குழு கவனிக்க வேண்டும்.

உங்கள் அம்மாவுக்கு என் நமஸ்காரம். பிள்ளைகளுக்கு என் ஆசிகள்.

இப்படிக்கு,
தங்கள் தங்கை கணவன்

பின்குறிப்பு: மேலே உள்ளதைக் குழுவில் படிக்க வேண்டாம். கையெழுத்துப் போட்டு நிமிர்ந்தேன், மூன்று பலூனும் என் முகத்துக்கு நேரே நிற்கின்றன. மச்சான், ஓட்டியது நான். திருந்தியது பொய். நண்பர் வீட்டு விருந்தில் நிறையக் குடித்திருந்தேன், கொண்டுபோன பலூன் வெயிலில் வெடித்துவிட்டது. "இன்னைக்கு ஊத மாட்டேன், வாடகை வண்டி கூப்பிடுங்க" என்றாள். கையை முறுக்கி ஊத வைத்தேன். சட்டத்தைக் கடுமையாக்குங்கள், ஊதுகிறவன் யாரென்று பார்க்கவும் வழி செய்யுங்கள், இந்தக் கடிதத்தைப் போலீசில் கொடுங்கள். அதற்கு முன்னால் உங்கள் அம்மாவிடம் அவள் ஓட்டவில்லை என்று சொல்லிவிடுங்கள். மூன்றாம் முறை என்ற பயத்தில், மோதிய பிறகு நான்தான் அவளைத் தூக்கி என் இருக்கையில் உட்கார வைத்தேன். அப்போது அவளுக்கு மூச்சு இருந்தது.