ஜின்னுக்காக வாதாடிய பிரக்கிராசி நானா

மாத்தளை மாவட்டத்தில் எத்தனையோ லோயர்மார் இருக்கலாம்; கண்ணுக்குத் தெரியாத ஜின்களுக்காக வாதாடியவர் பிரக்கிராசி நானா ஒருவர்தான். உண்மையில் அவர் பிரக்கிராசி எனப்படும் வழக்கறிஞருமல்ல, கோர்ட்டில் பியோனாக இருந்து ஓய்வு பெற்றவர்.

அலுவிகாரையில் நாங்கள் வாடகை வீட்டுக்குக் குடிவந்த அன்று, லொறியிலிருந்து கட்டிலை இறக்கும்போதே பக்கத்து மதிலுக்கு மேலாகத் தலை நீட்டினார்.

“தம்பி, உள்ளுக்கு ஈக்கிறவருக்கு நோட்டீஸ் குடுத்தீங்களா?”

“யாருங்க உள்ள?”

“ஜின். உங்களுக்கு முந்தின குடியிருப்பாளர். அவருக்கும் உரிம ஈக்கிதானே?”

நான் சிரித்தேன். கர்ப்பிணியான என் மனைவி செல்வி சிரிக்கவில்லை. வாசலில் நின்று, “ஆட்சேபணை ஈந்தா இப்பவே வாயத் தொறந்து செல்லுங்க!” என்று நானா உள்ளே பார்த்துக் கத்தினார். கூரையில் பல்லி கத்தியது. “சம்மதமாம். ஆனா கண்டிஷன் ஈக்கி” என்றார் நானா.

கண்டிஷன்கள் வாராவாரம் கூடின. முன்னறிவித்தல் இல்லாமல் கொல்லையில் சுடுநீர் ஊற்றக்கூடாது. ஆகவே செல்வி சோறு வடிக்கும்போதெல்லாம், “கஞ்சி வருதுங்க, தள்ளிக்கோங்க!” என்று வெறும் கொல்லையைப் பார்த்துச் சொல்வாள். நம்பாத நானும், பிளேன்டீ மண்டியைக் கொட்டும்போது மெதுவாகச் சொல்லத் தொடங்கினேன். எதற்கு வம்பு?

செல்விக்கு எட்டாம் மாதம். வீட்டுச் சொந்தக்காரர் நாவுல ஊரிலிருந்து இன்னொருவரையும் கூட்டிக்கொண்டு வந்தார்.

“வீட்ட விக்கப் போறேன். இந்தக் கிழமைக்குள்ளயே எழும்பிப் போகணும்.”

“இந்த நெலமையில எங்கங்க போறது?”

“அது உங்க பிரச்சின.”

செல்வி கதவைப் பிடித்தபடி நின்றாள். வாங்க வந்தவர் கைபேசியில் வீட்டை வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார். அப்போது பிரக்கிராசி நானா கேட்டைத் திறந்துகொண்டு வந்தார்.

“இவங்கள எழுப்பலாம். உள்ளுக்கு ஈக்கிறவர எந்தச் சட்டத்துல எழுப்புவீங்க? அவர் ஒத்துக்கொண்டது இவங்களோட மட்டும்தான். இவங்க போனா, வாங்குறவர் அவரோடதான் பேசிக்கொள்ளோணும்.”

வீடியோ நின்றது. வாங்க வந்தவர் பின்வாங்கித் தெருவுக்கே போய்விட்டார். வீட்டுக்காரர் தெருவில் நின்றவரையும் எங்களையும் மாறிமாறிப் பார்த்தார்.

“சரி, புள்ள பொறக்கட்டும். பொறகு பாப்போம்” என்று முணுமுணுத்தபடி போனார்.

“நானா, உண்மையிலேயே உள்ள ஜின் இருக்கா?” என்று கேட்டேன்.

நானா அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்.

“கோர்ட்டுல இவ்வளவு காலம் ஈந்தும், ஒரு வழக்குக்கும் நான் வாய் தொறந்ததில்ல தம்பி. கொஞ்சம் தண்ணி தாங்க.”

செல்வி ஓடிப்போய்க் கொண்டுவந்தாள். அவர் வாங்கிய கோப்பை சாய்ந்து தண்ணீர் சிந்தியது. கோப்பையை அவர் கையோடு சேர்த்து நானும் பிடித்துக்கொண்டேன்.