சீட் போல்ட்டுக்கு இன்னொரு சுற்று

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் நான் மாபெரும் முடிவொன்றை எடுத்தேன். வீட்டில் இருக்கும் ஒரே சைக்கிளை மனைவிக்கு விட்டுக்கொடுப்பதில்லை.

மறுநாள் முதல் அவள் அச்சகத்தில் பிழை திருத்தும் வேலைக்குப் போகிறாள். என் அலுவலகத்தைத் தாண்டி நாலு தெரு. "சைக்கிள்ல போயிக்கிறேன்" என்று அறிவித்தும் விட்டாள். அப்படியானால் நான் மூன்று கிலோமீட்டர் நடக்க வேண்டும். கூடாது என்று வாய்விட்டுச் சொல்லலாம்தான். ஆனால் எங்கள் வீட்டில் என் வாய் சாப்பிட மட்டுமே திறக்கும். ஆகவே மூளையைத் திறந்தேன்.

சீட்டை என் உயரத்துக்கு ஏற்றுவது. அதாவது, அவள் கால் பெடலுக்கு எட்டாத உயரத்துக்கு. பிறகு அதைப் பிடித்திருக்கும் போல்ட்டை மனிதப் பிறவி எவராலும் கழற்ற முடியாதபடி இறுக்கிவிடுவது. வெளிப்பார்வைக்கு இதன் பெயர் பராமரிப்பு.

ஸ்பேனரோடு முற்றத்தில் உட்கார்ந்தேன். சந்தேகம் வராதிருக்க இடது பெடலில் ஆரம்பித்தேன்.

"அது கழலுது. இடது பெடலுக்கு மரை தலைகீழுங்க. இடப்பக்கமா திருகுங்க."

பின்னால் அவள். கையில் கிரீஸ் டப்பா.

"தெரியும். சோதிச்சுப் பார்த்தேன்."

"அப்படியா? சரி, செயினுக்கு எண்ணெய் விட்டுட்டுத் துணியால துடைங்க. இல்லேன்னா மண்ணு ஒட்டும்."

விட்டேன். துடைத்தேன். பிரேக் கம்பியைச் சரிசெய்தேன். அச்சு நட்டுகளை முறுக்கினேன். அவள் சொன்ன எல்லாவற்றையும் செய்தேன். சைக்கிள் புது மாப்பிள்ளைபோல மினுங்கியது. கடைசியாகச் சீட்டை ஏற்றினேன்.

"அந்த போல்ட் மரையில துளி கிரீஸ் தடவுங்க. துருப்பிடிச்சா அப்புறம் கழட்டவே வராது."

எனக்கு வேண்டியதே அதுதானே! "சீட் வழுக்கிடும்டி" என்று சொல்லி வறட்டு போல்ட்டை இறுக்கினேன். ஸ்பேனரின் வாலில் ஓர் இரும்புக் குழாயைச் செருகி மேலும் இறுக்கினேன்.

அவள் சீட்டை ஆட்டிப் பார்த்தாள். "லேசா ஆடுற மாதிரி இருக்கே. இன்னொரு சுத்து?"

சுற்றினேன்.

"உங்க பலத்துக்கு இவ்வளவுதானா?"

இதைக் கேட்ட பிறகும் எந்த ஆண்பிள்ளை சும்மா இருப்பான்? ஒரு கையைச் சீட்டில் ஊன்றி, உடம்பு மொத்தத்தையும் குழாயின் மேல் போட்டேன்.

டங்!

போல்ட் இரண்டாகி ஒரு துண்டு பூந்தொட்டிக்குள் பாய்ந்தது. சீட் சரசரவென்று கீழே இறங்கியது. அதன்மேல் நானும்.

அவள் பதறவில்லை. முந்தானை முடிச்சை அவிழ்த்துப் புத்தம்புது போல்ட் ஒன்றை எடுத்தாள். மரையில் கிரீஸ், சீட் தண்டில் கிரீஸ். விரலால் திருகி, பிறகு ஸ்பேனரால் கால் சுற்று. நிறுத்திவிட்டாள்.

"அவ்வளவுதானா?"

"இறுக்கும்போது போல்ட்டே போதும்னு சொல்லும். காது கொடுத்துக் கேக்கணும். உங்களுக்குத்தான் யார் சொன்னாலும் கேக்காதே."

சீட் இப்போது அவள் உயரத்தில் இருந்தது. எனக்கு மெதுவாக உறைத்தது.

"இதை எப்ப வாங்கின?"

"வெள்ளிக்கிழமை."

"போல்ட் இப்பத்தானே உடைஞ்சுது?"

"உங்களைக் கட்டிக்கிட்டு இருபத்திரண்டு வருஷம் ஆச்சே."

மறுநாள் காலை கடைசி முயற்சியாக, "நான் ஓட்டறேன், நீ பின்னால உக்காரு" என்றேன்.

"இந்த உயரத்துல உங்க முழங்கால் மோவாயில இடிக்கும்."

"ஏத்திட்டா போச்சு. ஸ்பேனரைக் கொடு."

"நேத்து ஒரு போல்ட்டைக் கொன்னது போதாதா? ஏறுங்க கேரியர்ல. காலை அகட்டி வச்சுக்குங்க."

ஏறினேன். அவள் மிதித்தாள். செயின் முனகவில்லை, பெடல் கிறீச்சிடவில்லை. என் கைவேலை அத்தனை சுத்தம். தெருவில் யாராவது திரும்பிப் பார்க்க ஒரு சத்தமாவது வேண்டாமா என்று நினைத்தேன். சத்தம் இல்லாமலே எல்லாரும் பார்த்தார்கள்.

அலுவலக வாசலில் இறக்கிவிட்டு என் சட்டைக் காலரைச் சரிசெய்தாள். "அஞ்சரைக்கு வர்றேன். இங்கேயே நில்லுங்க. எங்கேயும் போயிடாதீங்க."

நான் பதில் சொல்வதற்குள் காவலாளி முந்திக்கொண்டார்.

"நீங்க நிம்மதியா போங்கம்மா. நீங்க வர்ற வரைக்கும் சாரை நான் வெளியே விடமாட்டேன்!"